காமிரா மாற்றும் படலம்

சென்ற திங்கள் இப்பகுதியில், தில்லிக் குளிரில் தோசை மாவு பொங்க மறுக்கும் கொடுமையைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்து குவிந்த யோசனைகளைத் தனி நூலாகவே தொகுத்துவிடலாம். இத்திங்கள் அடுக்களையை விட்டு வெளியே வந்து, நான்கு திங்களாக நம்மைப் பீடித்திருந்த ஒரு மயக்கத்தையும், அது தெளிந்த வகையையும் எழுத விழைகிறோம். கையிலுள்ள காமிராவை விட்டு, ‘ஃபுல் ஃப்ரேம்’ என வழங்கும் முழுச்சட்டகக் காமிராவுக்கு மாறலாமா, வேண்டாமா என்பதே அம்மயக்கம். கையில் சிறிது பணம் சேர்ந்ததும் இதே கேள்வியுடன் நம்மை நாடி வரும் அன்பர் பலர். ஆதலின் இது நம் சொந்தக் கதையாக மட்டும் நின்றுவிடாது என நம்புகிறோம்.

சங்க விழாக்களில் கழுத்தில் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு தூணோரம் நிற்பவர் நாமே என்பது அன்பர்கள் அறிந்ததே. 2016-ஆம் ஆண்டில் வாங்கிய காமிரா அது. 24 மெகாபிக்சல் திறன், ஏ.பி.எஸ்.-சி என்னும் அளவில் அமைந்த சென்சார். உடன் வந்த ஜூம் லென்ஸ் ஒன்று. பகல் வெளிச்சத்தில் அதன் வேலையில் குறை காண இயலாது. மாலையில் அரங்க விளக்குகளைத் தணித்து, சிறுமியர் நடனம் தொடங்கியதும் அதன் முகம் வாடிவிடும். விரைவாக எடுத்தால் படமெங்கும் மணல் தூவியது போன்ற புள்ளிகள். நிதானமாக எடுத்தாலோ முத்திரை பிடிக்கும் கை புகையாகக் கலங்கிப் போகும். படங்களைப் பெற்றுச் செல்லும் தாய்மார்கள் குறை கூறுவதில்லை. “நன்றாக இருக்கிறது சார்” என்பார்கள். அச்சொல்லில் உள்ள இரக்கத்தை நாம் அறிவோம்.

2024 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமையன்று சாந்தினி சௌக்கை அடைந்து, காமிராக் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் கூச்சா சௌத்ரி சந்தையில் புகுந்தோம். கடைக்காரர் தேநீர் வரவழைத்தார். பிறகு முழுச்சட்டகக் காமிரா ஒன்றை நம் கையில் வைத்தார். அதில் கண்ணை வைத்துப் பார்த்தால், இருண்ட கடையின் மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியின் எழுத்துகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. தேநீர் ஆறுவதற்குள் நம் மனம் விலை போய்விட்டது. அவர் எழுதிக் கொடுத்த சீட்டில், காமிராவும் அதற்கேற்ற லென்ஸும் சேர்த்து ரூ. 2,85,000 என்றிருந்தது. நம் பழைய காமிராவையும் லென்ஸையும் கொடுத்தால் ரூ. 20,000 கழித்துக் கொள்வாராம்.

சீட்டை இல்லாளிடம் காட்டினோம். அவர் அதை இருமுறை படித்தார். “இந்தப் பணத்துக்கு அத்தையை எத்தனை முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்?” என்றார். நாமும் விடவில்லை. “அம்மாவுக்காகத்தான் வாங்குகிறேன். அப்பா படத்துக்கு நேர்ந்தது அம்மா படத்துக்கு நேரக் கூடாது” என்றோம். அதன்பின் அவர் ஒன்றும் பேசவில்லை. வாதத்தில் வென்றுவிட்டதாக அன்று நாம் எண்ணிக்கொண்டோம்.

தந்தையார் படத்துக்கு நேர்ந்தது இது. 2009-ஆம் ஆண்டு, திருவையாற்றுக்கு அருகில் உள்ள நம் சிற்றூரில் அவர் காலமானார். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வீட்டுப் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துத் தேடியும், அவர் தனியாக இருக்கும் நல்ல படம் ஒன்றும் அகப்படவில்லை. வாக்காளர் அட்டையில் இருப்பது தம் முகந்தானா என்று அவரே ஐயுற்றதுண்டு. இறுதியில், தங்கையின் திருமணத்தில் எடுத்த குழுப்படம் ஒன்று கிடைத்தது. பின்வரிசையின் ஓரத்தில், யாருடைய தோளுக்கோ பின்னால், பாதி முகம் மறைய நின்றிருந்தார். தஞ்சையில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து அதைப் பெரிதாக்கினோம். கடுகளவு முகம் முழமளவு ஆயிற்று. ஆனால் கண் எது, கண்ணின் நிழல் எது என்று பிரித்தறிய இயலவில்லை. மறைந்திருந்த பகுதியை ஸ்டூடியோக்காரரே வரைந்து நிரப்பினார். பதினைந்து ஆண்டுகளாகச் சுவரில் இருப்பது அந்த முகமே. நம் மகள் தன் தாத்தா என்று அறிந்திருப்பதும் அந்த முகத்தையே.

பெரிய சென்சார் உள்ள காமிரா ஒன்று இருந்தால் இத்தகைய குறை இனி நேராது என்று நம்பினோம். நம்பிக்கை ரூ. 2,85,000 பெறுமா என்பதை ஆராய வேண்டுமல்லவா? ‘முழு’ என்கிறார்களே, எதன் முழுமை அது என்பதிலிருந்து தொடங்கினோம்.

முழுச்சட்டகம் என்பது 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடைய பரப்பு. இவ்வளவை வகுத்தவர், ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னக். சினிமாப் பிலிமின் இரண்டு கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து அவர் அமைத்த காமிரா, லைக்கா என்னும் பெயருடன் 1925-ஆம் ஆண்டு லைப்சிக் கண்காட்சியில் வெளிவந்தது. பெரிய தகடுகளில் படமெடுத்துப் பழகிய அக்காலத்தவர் அதைச் சிற்றளவுக் காமிரா என்றே வகைப்படுத்தினர். 1858-ஆம் ஆண்டில் லினேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படையதிகாரி நம் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். அவர் கையாண்ட காகித நெகடிவ் ஒவ்வொன்றும் ஓரடிக்கு மேல் நீளமுடையது. அவற்றின் அருகே வைத்தால் இன்றைய முழுச்சட்டகம் ஓர் அஞ்சல்தலை போலத் தோன்றும். அன்று ‘சிற்றளவு’ எனப்பட்டதே இன்று ‘முழு அளவு’ எனப்படுகிறது.

இப்பெயர் மாற்றம் டிஜிட்டல் காமிராவால் வந்தது. சென்சார் என்பது சிலிக்கான் வட்டத் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. பெரிய துண்டுகளாக வெட்டினால் ஒரு தகட்டில் கிடைப்பவை சிலவே. இடையில் ஒரு சிறு பழுது இருந்தாலும் ஒரு பெரிய துண்டு வீணாகும். எனவே தொடக்கத்தில் பெரும்பாலானோர் சிறிய சென்சாரையே செய்தனர். 2002-இல் வெளிவந்த கேனன் 1டி.எஸ். முழுச்சட்டகத்தில் 11 மெகாபிக்சல் தந்தது. அதன் விலை தொழில்முறையாளர்க்கே எட்டுவதாக இருந்தது. 2005-இல் கேனன் 5டி, 2008-இல் நிக்கான் டி700, 2013-இல் சோனி ஏ7 என்று வர வர, நம் போன்றோர் ஆசைப்படும் தொலைவுக்கு விலை இறங்கிற்று. இதனினும் பெரிய, 44 மி.மீ.க்கு 33 மி.மீ. அளவுள்ள சென்சார் தாங்கிய காமிராக்களும் இன்று விற்கின்றன. ஆகவே ‘முழு’ என்பது ஓர் அளவின் பெயரே அன்றி நிறைவின் பெயர் அன்று.

பெயர் எதுவாயினும், அளவு பெரிதானால் பயன் உண்டா? உண்டு. முழுச்சட்டகத்தின் பரப்பு 864 சதுர மி.மீ.; நம் காமிராவின் சென்சார் 23.5க்கு 15.6, அதாவது ஏறத்தாழ 367 சதுர மி.மீ. பரப்பு இரண்டேகால் மடங்குக்குச் சற்று மிகுதி. மழைக்காலத்தில் நம் ஊர் வீட்டு முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு தவலையையும் அருகருகே வைத்ததை நினைவுகூர்க. பெய்யும் மழை ஒன்றே. வாய் அகன்ற அண்டாவில் மிகுதியாகச் சேரும். ஒளியும் அவ்வாறே. சேர்ந்த ஒளி மிகுந்தால் படத்தில் புள்ளிகள் குறையும். ஆனால் மழையின் வலிமை வேறு. அதைத் தீர்மானிப்பது லென்ஸின் துவாரம். துவாரத்தை எஃப் 5.6, எஃப் 2.8, எஃப் 1.8 என எண்ணால் குறிப்பர்; எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். எஃப் 5.6-இலிருந்து எஃப் 2.8-க்கு வந்தால் ஒளி நான்கு மடங்கு, எஃப் 1.8-க்கு வந்தால் ஏறத்தாழ பத்து மடங்கு. பாத்திரத்தை மாற்றினால் கிடைப்பது இரண்டேகால் மடங்கு. தூறல் பெருமழையானால் கிடைப்பது பத்து மடங்கு. இக்கணக்கை நாம் முன்பே படித்திருந்தோம். எனினும் ஆசையுற்றவனுக்குக் கணக்கு புத்தகத்தில் இருக்குமே தவிர நெஞ்சில் இராது.

அவ்வாண்டு நவராத்திரியில் சங்கத்தில் இரண்டு நாள் நடன நிகழ்ச்சி. முழுச்சட்டகக் காமிரா ஒன்றையும் எஃப் 2.8 ஜூம் லென்ஸ் ஒன்றையும் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் இரு காமிராக்களாலும் மாறி மாறி எடுத்தோம். ஆடுவோரின் அசைவு உறைந்து நிற்க, ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்காவது இருத்தல் வேண்டும். நம் பழைய லென்ஸ் நீட்டிய நிலையில் எஃப் 5.6-க்கு மேல் திறவாது, எனவே ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏற்ற நேர்ந்தது. வாடகைக் காமிராவுக்கோ ஐ.எஸ்.ஓ. 1600 போதியதாயிற்று. இரவு வீட்டில் இரண்டையும் கணினியில் அருகருகே வைத்தோம். ஒன்று மணல்; மற்றது பட்டு. மறுநாளே சாந்தினி சௌக்குக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டோம்.

நம் முடிவை மறுநாள் மாலையில் தடுத்தவர், கரோல் பாகில் முப்பது ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தி ஓய்வு பெற்ற நம் சங்கத்து மூத்த அன்பர். கைப்பேசியில் நாம் காட்டிய இரு படங்களையும் பார்த்துவிட்டு, “தம்பி, நேற்று மாறியது பாடியா, லென்ஸா?” என்றார்.

நாம் விழித்தோம். இரண்டும் மாறியிருந்தன. “இரண்டை ஒருசேர மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போடுகிறீர்களே!” என்று நகைத்தார். பிறகு தம் பையிலிருந்து 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். ஜூம் கிடையாது, உள்ளங்கையில் அடங்கும், ஒரு குழம்புக் கரண்டியின் எடைகூட இராது. “இன்று இதை உங்கள் பழைய காமிராவில் மாட்டி எடுங்கள்” என்றார்.

அவ்வாறே செய்தோம். எஃப் 2-இல் வைத்ததும் ஐ.எஸ்.ஓ. 6400 என்பது 800 ஆக இறங்கிற்று. 50 மி.மீ. லென்ஸ் நம் சிறு சென்சாரில் 75 மி.மீ. போலப் பார்க்கும்; முன்வரிசையின் ஓரத்திலிருந்து எடுத்தால் ஆடுபவரின் இடைக்கு மேற்பட்ட உருவம் கட்டத்தில் அளவாக அமைந்தது. ஜூம் இல்லாமையால் கால்களுக்கு வேலை மிகுந்தது. சில நல்ல நிலைகளைத் தவறவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சி முடிந்தபின் இரு காமிராக்களிலும் எடுத்தவற்றுள் சிறந்த படம் ஒவ்வொன்றைத் தேர்ந்து, 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் அளவில் அச்சிட்டோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் இவ்வச்சுக்கு 5400-க்கு 3600 புள்ளிகள் வேண்டும். 24 மெகாபிக்சல் படத்தில் 6000-க்கு 4000 உண்டு. காமிரா எதுவாயினும் இக்கணக்கு ஒன்றே.

அச்சின் பின்புறம் அடையாளமிட்டு, எது எதில் எடுத்தது என்று கூறாமல் வீட்டாரிடம் காட்டினோம். இல்லாள் தயங்காமல் ஒன்றை எடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, “இதில்தான் குழந்தையின் கண் பேசுகிறது” என்றார். அது பழைய காமிராவில் எடுத்தது. கண்ணருகே கொண்டு சென்று பார்த்தால், முழுச்சட்டகப் படத்தில் அரக்குப் பட்டின் மடிப்பு நிழல்கள் சற்றே தூய்மையாக இருந்தன. கை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் அவ்வேறுபாடு மறைந்தது. இரவில் கணக்கிட்டுப் பார்த்தோம். எஃப் 2-இல் சிறு சென்சார் சேர்க்கும் ஒளியும், எஃப் 2.8-இல் பெரிய சென்சார் சேர்க்கும் ஒளியும் ஏறத்தாழ ஒன்றே. மூத்த அன்பர் முப்பது ஆண்டு அனுபவத்தில் ஒரு கேள்வியாகக் கேட்டதை நாம் இரண்டு நாள் வாடகை கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

முழுச்சட்டகத்தின் பெருமையை நாம் மறுப்பதாக அன்பர்கள் கொள்ளலாகாது. அதே எஃப் 1.8 லென்ஸை அதில் மாட்டினால், நம் காமிரா எட்டாத இருளிலும் அது படமெடுக்கும். திருமண மண்டபத்தில் இரவெல்லாம் நின்று பொருள் ஈட்டுவோர்க்கும், பெரிய அச்சுகளை விற்போர்க்கும் அது தொழிற்கருவி. செலவு வரவில் கழியும். வீட்டு உபயோகத்துக்கு வாங்குவோர் மூன்று செலவுகளை மறக்கலாகாது. முதலாவது லென்ஸ். சிறு சென்சாருக்கென்று செய்த லென்ஸ்களுள் சில முழுச்சட்டகக் காமிராவில் பொருந்தா. பொருந்துபவற்றுள் பலவும் அதன் நடுப்பகுதியை மட்டுமே நிரப்பும். 24 மெகாபிக்சல் அப்போது 10 அளவுக்குச் சுருங்கும். இரண்டாவது எடை. எஃப் 2.8 ஜூம் லென்ஸ் தனியே ஒரு கிலோவை நெருங்குவதுண்டு. இரயிலிலும் கோயில் படிகளிலும் அதைச் சுமக்கும் தோள் நம்முடையதே. மூன்றாவது, சென்சாரைப் பெரிதாக்கினாலும் தீராத குறைகள். எல்.இ.டி. விளக்கின் துடிப்பால் விழும் பட்டைகளும், பின்னிருந்து வரும் ஒளியால் கறுக்கும் முகமும் ரூ. 3 இலட்சம் காமிராவிலும் விழும்.

பழைய படங்களின் புள்ளிகளை நீக்க இன்று மென்பொருள்களும் உள. அடோபி லைட்ரூமில் 2023-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட வசதியால் நம் ஐ.எஸ்.ஓ. 6400 படங்களைத் துடைத்துப் பார்த்தோம். பெரிதும் தெளிந்தன. ஆயினும் இல்லாத நுணுக்கத்தை ஊகித்து நிரப்பும் வேலை அது. தந்தையாரின் மறைந்த பாதி முகத்தை வரைந்த ஸ்டூடியோக்காரர் நினைவுக்கு வரவே, அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி நாம் கூறப்போவது, கடையிலும் அரங்கிலும் நேராமல் நம் வீட்டு மேசையில் நேர்ந்தது. காமிராவின் குறையைக் கண்டறிய, தோற்ற படங்கள் எவ்வாறு தோற்றன என்று பார்க்குமாறு மூத்த அன்பர் கூறியிருந்தார். படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருள், எது எந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுத்தது என்று பிரித்துக் காட்டும். முகத்தைப் பார்த்தும் பிரித்துக் காட்டும். 2016 முதல் நாம் எடுத்தவை ஏறத்தாழ 31,000 படங்கள். அன்னையாருக்காகவே இக்காமிரா என்று இல்லாளிடம் கூறியிருந்தோமல்லவா? அன்னையாரின் முகத்தைத் தேடுமாறு பணித்தோம்.

நாற்பத்தாறு படங்கள் வந்தன.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இருளால் கெட்டவை நான்கே நான்கு. மற்றவற்றில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அன்னையாரே ஓரத்தில் இருந்தார். ஒன்றில் காப்பித் தட்டுடன் கட்டத்தைக் கடந்து செல்கிறார். ஒன்றில் பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் பாதி முகமாக நிற்கிறார். பலவற்றில் பிறர் படத்துக்குள் தற்செயலாக விழுந்திருக்கிறார். அவரை அமர்த்தி, அவரை நோக்கி, அவருக்காக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. குழுப்படத்தின் பின்வரிசையில் தந்தையார் நின்ற அதே நிலைதான். 2009-லேயே நம்மிடம் சிறியதொரு டிஜிட்டல் காமிரா இருந்தது என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. இந்தியா கேட்டை எத்தனையோ முறை எடுத்த காமிரா அது. தந்தையாரின் முகம் தெளிவின்றிப் போனதற்குச் சென்சாரின் அளவு காரணமன்று.

இல்லாளிடம் சென்று, கடைக்காரர் கொடுத்த சீட்டைக் கிழித்துவிட்டதாகக் கூறினோம். “டிக்கெட் எடுத்தாயிற்றா?” என்றே அவர் கேட்டார். 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கினோம். முழுச்சட்டகக் காமிராவிலும் பயன்படும் வகையே அது. என்றேனும் மாற நேர்ந்தால் அந்தச் செலவு வீணாகாது. மார்கழியில் பத்து நாள் விடுப்பு எடுத்து, குடும்பத்துடன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

ஊர் வீட்டில் முதல் நான்கு நாள் காமிராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, அன்னையார் தாழ்வாரத்தில் முற்றத்தை நோக்கி அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முற்றத்தின் வழியே இறங்கும் வானத்து ஒளியைப் போன்ற மென்மையான ஒளியை எந்த ஸ்டூடியோவும் விலைக்கு வாங்க இயலாது. அருகில் அமர்ந்து பேச்சுக் கொடுத்தவாறே எடுத்தோம். எஃப் 2.8; நொடியில் 200-இல் ஒரு பங்கு; ஐ.எஸ்.ஓ. 400. காமிராவுக்கு அது ஒரு வேலையே அன்று. நெற்றிச் சுருக்கங்கள், ஓலை போல் மெலிந்த காதின் துளை, கீரையைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கும் கண்கள் எல்லாம் பதிந்தன. தஞ்சைக்குச் சென்று, 12 அங்குலத்துக்கு 18 அங்குலமாக அச்சிட்டுக் கொணர்ந்தோம்.

அன்னையார் படத்தைத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “எதுக்குத் தம்பி இம்மாம் பெரிசா? படத்திறப்புக்கு வச்சது மாதிரி இருக்கே” என்றார். நமக்கு நா எழவில்லை. அவரோ சிரித்துவிட்டார். “நல்லாத்தான் இருக்கு. பீரோவுல வையி. வேணுங்கறப்ப எடுத்துக்கலாம்” என்றார்.

பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். மடித்த பத்து ரூபாய்த் தாள்களுக்கு இடையில் நம் மகளின் பள்ளிப் படம் ஒன்று இருந்தது. இரண்டாம் வகுப்பில் எடுத்தது. ஓரங்கள் தேய்ந்து, வெற்றிலைக் கறை படிந்திருந்தது. “இதே அளவுல, இப்ப இருக்குற முகத்தோட ஒண்ணு போட்டுக் குடு” என்றார். நம் கணினியில் அம்மகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒன்றுகூட அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அன்று மாலையே திருவையாற்றில் அச்சிட்டுக் கொடுத்தோம்.

காமிரா மாற்ற எண்ணும் அன்பர்கட்கு நாம் கூறக்கூடியது இவ்வளவே. கடைக்குப் போகுமுன் உங்கள் படங்களுள் தோற்றவற்றை எடுத்து, ஏன் தோற்றன என்று பாருங்கள். இருளால் என்றால், முதலில் நல்லதொரு எஃப் 1.8 லென்ஸ் வாங்குக. அதன்பின்னும் போதாது என்றால், முழுச்சட்டகக் காமிராவை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்துப் பார்த்து வாங்குக, வருந்த மாட்டீர்கள். எடுக்க வேண்டியவரையே எடுக்கவில்லை என்பது காரணமானால் கடைக்குப் போக வேண்டாம். சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு மட்டும் முழுச்சட்டகக் காமிராவை வாடகைக்கு எடுக்குமாறு செயற்குழுவுக்கு எழுதியுள்ளோம். சிறுமியர்க்கு அது தகும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். குளிர் குறைந்ததும் ஊரிலிருந்து பெற்றோரைத் தில்லிக்கு அழைத்து வரும் குடும்பங்கள் பல. மாசித் திங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை, சங்கத்தின் மாடித் தாழ்வாரத்தில் நம் பழைய காமிராவுடன் அமர்ந்திருப்போம். அங்குக் கிழக்கு வெளிச்சம் நன்றாக விழுகிறது. பெரியோர்களை அழைத்து வருக, எடுத்துத் தருகிறோம். கட்டணம் இல்லை. அச்சுச் செலவு மட்டும் உங்களுடையது. ஒன்று பெரிதாகவும், ஒன்று சுருக்குப்பைக்கு ஏற்ற அளவிலும் போட்டுக்கொள்ளுங்கள். சிறியதில் பேரக் குழந்தையின் முகம் இருக்கட்டும்.